யாரோடும் கலந்து பேசவில்லை

ஆனி மாதம் சாரல் கட்டியதும் என் அண்ணன் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவான். தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலம் போவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். நாங்கள் போனால் ஒரு மணி நேரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். அவன் போனால் இரண்டு நாள். லாட்ஜில் ரூம் போட்டு, எண்ணெய் தேய்த்துவிடுகிறவரை வரவழைத்து, உடம்பை அடித்துத் துவைக்கச் சொல்லி, அருவியில் நின்று, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து மறுபடியும் எண்ணெய். வீடு திரும்பும்போது கண் சிவந்திருக்கும், சட்டைக் காலர் எண்ணெயில் ஊறியிருக்கும், கையில் ஒரு பை மங்குஸ்தான் இருக்கும். மைனி, அதாவது அவன் மனைவி, அந்தச் சட்டையைத் துவைத்துத் துவைத்து ஒரு வாரம் ஏசுவாள். நான் மங்குஸ்தானைத் தின்பேன்.

அண்ணன் அரசு காண்டிராக்டர். பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாறுகால் என்கிற சாக்கடைக் கால்வாய், சிமென்ட் ரோடு, பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர், மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளையடிப்பது என்று அந்த அளவில்தான். நான் இந்த வட்டாரத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொந்தக்காரர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவர் டெண்டர் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் அண்ணன் எங்கள் அலுவலகப் படியை மிதித்ததே கிடையாது. வேறு ஊர்களில்தான் போடுவான். இதைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம் என்று யாராவது கேட்காமலேயே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

குளிக்கப் போகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் வயதில் மூத்த காண்டிராக்டர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணாச்சி. இன்னொருவர் செங்கோட்டைக்காரர். மூன்றாவது என் அண்ணன். அந்த லாட்ஜ் ரூமில், எண்ணெய் ஊறும் நேரத்தில், வருகிற மாதங்களில் எந்தெந்த ஊரில் என்னென்ன வேலைக்கு டெண்டர் வரும் என்று பேசுவார்கள். இது உமக்கு, அது எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறைக்காரர் தன் விலையைப் போடுவார். மற்ற இரண்டு பேரும் அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். அதற்குத் 'துணைக்குப் போடுவது' என்று பெயர். பார்க்கிறவர்களுக்கு மூன்று பேர் போட்டி போட்ட மாதிரி இருக்கும். போட்டி எல்லாம் எண்ணெயோடு வழிந்துபோயிருக்கும்.

எனக்கு இது தெரியுமா என்றால், தெரியும். டெண்டர் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் கேட்டதில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். அவனுக்குப் பொய் வராது, அதுதான் அவனிடம் உள்ள தொல்லை. அதனால் நான் பழத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

போன வருஷம் பங்குனியில் என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். டெண்டரில் கூட்டுச் சேருவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தெந்த நாட்டில் எப்படித் தடுக்கிறார்கள் என்று இரண்டு நாள் வகுப்பு. குளிர்பதன அறை, வட்ட மேஜை, நேரத்துக்கு நேரம் பிஸ்கட். நன்றாகத் தூங்கலாம் என்றுதான் போனேன். பாடம் எடுத்த அம்மா தாழ்ந்த குரலில் பேசுகிறவர். ஆனால் தூங்கவிடவில்லை.

ஒரு நாட்டில் மின்சாதனக் கம்பெனிகள் நிலாவைப் பார்த்து முறை வைத்தார்களாம். இந்தப் பிறைக்கு நீ, அடுத்த பிறைக்கு நான். ஜப்பானில் கூடிப் பேசிக்கொள்வதற்கென்றே மரியாதையான ஒரு சொல் இருக்கிறதாம். சில இடங்களில் தோற்றுக் கொடுத்தவருக்கு ஜெயித்தவர் பாதி வேலையைப் பிரித்துக் கொடுப்பாராம். கொரியாவில் எல்லா விலைகளையும் கம்ப்யூட்டரே அலசிப் பார்த்து, இது சரியில்லை என்று சீட்டுக் கொடுக்குமாம். நான் சிரித்துக்கொண்டேன். எல்லா ஊரிலும் நம்ம ஆட்கள்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு எண்ணெய் மட்டும்தான் குறைச்சல் என்று தோன்றியது.

பிறகு அந்த அம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, டெண்டர் போடுகிற ஒவ்வொருவரிடமும், 'இந்த விலை குறித்து நான் வேறு யாரோடும் கலந்து பேசவில்லை' என்று எழுதி வாங்க வேண்டும். பல நாடுகளில் அப்படி வாங்குகிறார்கள், இங்கேயும் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடிப் பேசினால் அந்தக் காகிதமே அவருக்கு எதிர்ச்சாட்சி. இரண்டாவது, கூட்டாளிகளில் யார் முதலில் வந்து உண்மையைச் சொல்கிறாரோ அவருக்குத் தண்டனையை விட்டுவிடலாம். நம் நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு சலுகை உண்டு.

"ஒரு வாசல்தான் இருக்கும். முதல்ல வர்றவரோட அது சாத்திக்கும்" என்றார் அவர். "அப்பதான் அவங்களுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டாங்க."

நோட்டில் எழுதிக்கொண்டேன். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

பயிற்சி முடிந்து வந்ததும், மாவட்டத்தில் முடிந்துபோன டெண்டர்களை எடுத்து ஆராய ஒரு குழு போட்டார்கள். ஓர் அதிகாரி, அவருக்குக் கீழே நான்கு பேர். பயிற்சி எடுத்துவிட்டேன் என்பதற்காக என்னையும் தற்காலிகமாக அங்கே அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரு உத்தரவும் வந்திருந்தது. தப்பு நடந்ததாகத் தெரிந்தால், முதலில் தானாக வந்து எழுதிக் கொடுக்கிறவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்காமல் விடலாம். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனி பிறந்து, வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது. சீசனுக்கு வரும் பெண்களுக்காக ஓர் ஊரில் கட்டிய உடை மாற்றும் அறை. அந்த அறையை எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின சீசனில் அலுவலகப் பெண்கள் நான்கு பேர் குளித்துவிட்டு அங்கேதான் உடை மாற்றப் போனோம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த சேலையை உருவிக்கொண்டிருந்தாள். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தரையில் பதித்த கல் பெயர்ந்து ஆடியது. மேலே கதவு நிலைக்கு மேல் கை நுழைகிற மாதிரி வெடிப்பு. கட்டினவனைத் திட்டித் தீர்த்தேன். இதைக் கட்டினவன் வீட்டில் பொம்பளையே கிடையாதா என்று சத்தமாகவே கேட்டேன். கொஞ்ச நாளில் அறையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இப்போதும் அங்கே பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சேலையைப் பிடித்துக்கொண்டு அதன் மறைவில்தான் மாற்றுகிறார்கள்.

ஃபைலில் மூன்று டெண்டர். வேலை பெரியண்ணாச்சிக்குக் கிடைத்திருந்தது. மற்ற இரண்டில் ஒன்று செங்கோட்டைக்காரர், ஒன்று என் அண்ணன். மூன்றிலும் 'வேறு யாரோடும் கலந்து பேசவில்லை' என்ற உறுதிமொழித் தாள் இருந்தது. மூன்று பேர், மூன்று கையெழுத்து. ஆனால் மூன்று தாளிலும் இடது பக்க ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. பெருவிரல் பதிந்த மாதிரி. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தேன். திட்டுக்கு உள்ளே எழுத்து தெரிந்தது. 'பூரி செட்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'காபி'.

எனக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. உறுதிமொழித் தாளை லாட்ஜ் மேஜையில் கிடந்த சாப்பாட்டு அட்டையின் மேல் வைத்து யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவரின் விரலில் எண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருந்த பூரி மேலே வந்துவிட்டது. அந்தப் படத்தையே மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் வாங்கி, அச்செடுத்து, அவரவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரோடும் பேசவில்லை என்று, ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே பூரி மேல்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் கதவை மிதித்துக்கொண்டு நின்றவளின் கால் நினைவுக்கு வந்தது.

அதிகாரியிடம் போய், "சார், இதுல ஒருத்தர் என் கூடப்பிறந்த அண்ணன். நான் இந்த ஃபைலைப் பாக்கக் கூடாது" என்றேன். அவர் வெளியூர்க்காரர், நிதானமானவர். ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மூன்று பேருக்கும் நோட்டீஸ் போகும் என்றும், அதுவரை இது வெளியே போகக் கூடாது என்றும் சொன்னார். சரி சார் என்றேன். அதுவரை எல்லாம் விதிப்படிதான் செய்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியை வீட்டுக்கு ஓட்டாமல் மேலகரத்துக்கு ஓட்டினேன். அண்ணன் வீடு அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் கலவை மிஷினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். மைனி டீ போட உள்ளே போனாள்.

"என்னட்டி, ஆபீஸ்ல இருந்து நேரா வாறியா? நனைஞ்சு போயிருக்க" என்றான்.

"உடை மாத்துத ரூம்பு டெண்டருக்கு, லாட்ஜ்ல சாப்பாட்டு அட்டைக்கு மேல வச்சு எந்தத் தாளப் போட்டோ எடுத்தீய?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கிரீஸ் கையைத் துடைக்காமலேயே நின்றான்.

"அது நான் கட்டின வேல இல்லட்டி. பெரியண்ணாச்சி வேல. நான் சும்மா துணைக்குப் போட்டது."

"கையெழுத்து யாருது?"

"என்னதுதான்."

"அப்ப நீயும்தான் கட்டியிருக்க. அந்த ரூம்புக்குள்ள போயிப் பாத்திருக்கியா? தாப்பாள் கிடையாது. நான் உள்ள நின்னு சேலை மாத்தினேன் அண்ணே."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அடுத்த வாரம் நோட்டீஸ் வரப்போகிறது என்று சொன்னேன். சொல்லக் கூடாததைச் சொல்கிறேன் என்று தெரிந்தே சொன்னேன். முதலில் வருகிறவனுக்கு மட்டும்தான் வாசல் திறந்திருக்கும், நாளை வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் கறுப்புப் பட்டியலில் போய்விடுவாய், அப்புறம் எந்த ஊரிலும் ஒரு வாறுகால்கூடக் கட்ட முடியாது என்றேன்.

"அவியள்ட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்படிட்டி போவ?"

"சொன்னா எப்படி முதல்ல போவ?"

"எத்தன வருசமாப் பழகுதோம். நான் காலு ஒடிஞ்சு கெடந்தப்ப பெரியண்ணாச்சிதான என் வேலைய முடிச்சுக் குடுத்தாவ. அவியளுக்குத் தெரியாமப் போயிக் காட்டிக் குடுக்கதுக்கு எனக்கு மனசு வரல."

"காட்டிக் குடுக்கதா? ஊரு சொத்தப் பங்கு போடும்போது வந்த மனசு இதுக்கு வராதோ?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து மைனி, "என்ன சத்தம் அங்கன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

டீ வந்தது, குடித்தோம். மைனி போனபிறகு அவன் சொன்னான். "சரிட்டி. எழுதிக் குடுத்துருதேன். நீ சொன்னேன்னு எவன்ட்டயும் மூச்சு விடமாட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

நான் நம்பிவிட்டேன். அவனுக்குப் பொய் வராது என்று சொன்னேனே. இதிலும் அவன் பொய் சொல்லவில்லை. எப்போது கொடுப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் போகவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். எண்ணெய் தேய்த்து மூன்று பேரும் ஊறிக்கொண்டிருந்தபோது விஷயத்தை அவிழ்த்திருக்கிறான். நோட்டீஸ் வருகிறது, முதலில் எழுதிக் கொடுக்கிறவருக்குச் சலுகை, நான் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், உங்களைக் கேட்காமல் செய்ய மனசில்லை என்று. யார் சொன்னது என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. பிறகு அவன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மூன்று பேரும் ஒன்றாகப் போய், ஒரே நேரத்தில் எழுதிக் கொடுத்தால், மூன்று பேரும் முதலில் வந்தவர்கள்தானே!

வாசல் ஒருவருக்குத்தான் என்று அவ்வளவு படித்துப் படித்துச் சொன்னேன். முறை வைத்து, கூடிப் பேசி, எதையும் சேர்ந்தே செய்து பழகியவனுக்கு அது காதில் ஏறவில்லை. கூடிப் பேசிய குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் கூடிப் பேசினான்.

பெரியண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நீ மனுசன் வே. மறைக்காமச் சொன்னியே" என்றாராம். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "திங்க, செவ்வா நாள் சரியில்ல. புதன்கெழம நல்ல நாளு. காலைல பத்து மணிக்கு ஆபீசுக்கு எதுத்தாப்புல டீக்கடைக்கு வந்துருங்க, மூணு பேரும் சேந்தே படி ஏறுவோம்" என்று நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு அருவிக்குப் போய் ஈரத்தோடு நின்று ஒருவருக்கொருவர் கையில் அடித்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், அவன் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டான் என்று. அந்த ஃபைல் பக்கம் நான் போகக் கூடாது, அதனால் யாரிடமும் கேட்கவும் இல்லை. புதன்கிழமை காலையில் குழுவில் உள்ள ஒருத்தி பேச்சுவாக்கில், "அந்த உடை மாத்துற ரூம் விஷயத்துல ஒருத்தர் திங்கக்கிழமையே வக்கீலோட வந்து எழுதிக் குடுத்துட்டாராம். வயசானவர், நெத்தி நிறைய விபூதி" என்றாள்.

கையில் இருந்த பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். எதிரே டீக்கடையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செங்கோட்டைக்காரர். இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படியில் விழாத குறையாக இறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவன் கண்ணாலேயே, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்றான். என்னைக் காப்பாற்றுகிறானாம்! நேரே போய் முன்னால் நின்றேன்.

"இங்கன என்ன செய்யுத?"

"பெரியண்ணாச்சி வந்துகிட்டு இருக்காவ. மூணு பேரும் சேந்து போறோம்" என்றான். முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. "வண்டி எங்கனயோ மாட்டிக்கிட்டு போல. போனை எடுக்க மாட்டேங்காவ."

"அவரு திங்கக்கெழமையே வந்துட்டுப் போயிட்டாரு" என்றேன்.

செங்கோட்டைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "கள்ளன்" என்று ஒரே வார்த்தை சொன்னார். பெரியண்ணாச்சி திங்கட்கிழமை நாள் சரியில்லை என்றாரே என்று மட்டும் அண்ணன் இரண்டு தடவை கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, டீக் கிளாசைப் பார்த்துக் கேட்டான். பிறகு எழுந்து படி ஏறினான். இரண்டாவதாகப் போய் எழுதிக் கொடுத்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னார்.

"உங்களை இதுல இழுக்கக் கூடாதுதான். ஒரே ஒரு விஷயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். பெரியண்ணாச்சி எழுதிக் கொடுத்ததில், உண்மையைச் சொல்ல முதலில் கிளம்பியது தான்தான் என்றும், புதன்கிழமைவரை யாரும் போக வேண்டாம் என்று தள்ளிப்போடச் சொன்னதே என் அண்ணன்தான் என்றும் இருக்கிறதாம். செங்கோட்டைக்காரர் பயந்துபோய், எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று எழுதிவிட்டாராம். என் அண்ணன் எழுதிய தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அவனுடைய கோழிக் கிறுக்கல் கையெழுத்து.

'வியாழக்கிழமை சாயங்காலமே உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன். இந்த முடிவை நானாகவே எடுத்தேன். இது குறித்து நான் வேறு யாரோடும் கலந்து பேசவில்லை.'

உறுதிமொழித் தாளில் இருந்த அதே வரி. அவனுக்கு அலுவலகத் தமிழில் தெரிந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அங்கே பெரியண்ணாச்சிக்காக எழுதினான், இங்கே எனக்காக எழுதியிருக்கிறான்.

"வியாழக்கிழமையே முடிவு செஞ்சார்னு சொல்ல ஒரு சாட்சி இருந்தா போதும்மா. வேலையும் அவர் எடுக்கலை. தண்டனையை நான் ரொம்பக் குறைச்சு எழுதிடுவேன்" என்றார் அதிகாரி. "ஆனா நோட்டீஸ் போனதே அடுத்த வாரம்தான். வியாழக்கிழமை அவருக்கு விஷயம் எப்படித் தெரிஞ்சுது? உங்களுக்கு இதுபத்தி ஏதாவது தெரியுமா?"

சொன்னால் அண்ணன் தப்பிப்பான். சொன்னால் ரகசியத்தை வெளியே விட்டதற்காக என் வேலை போகும், வழக்கும் வரலாம். இருபது வருஷ சர்வீஸ், தெருவில் என்னை ஆபீஸ் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம் என்று நான் அடித்த தம்பட்டம், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. முதலில் போய்ச் சொல்லிவிடு என்று அவனுக்குப் பாடம் எடுத்தவள் நான். எனக்கு முன்னாலும் அதே வாசல்தான் திறந்திருந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "சரி, போங்கம்மா" என்றார்.

அண்ணன் கறுப்புப் பட்டியலில் இருக்கிறான். கலவை மிஷினை விற்றுவிட்டான். பெரியண்ணாச்சி சாட்சி என்பதால் அவருக்கு ஒன்றும் இல்லை, இந்த வருஷமும் வேலை எடுக்கிறார். அவருடைய வேலை ஒன்றில்தான் என் அண்ணன் இப்போது மேற்பார்வைக்கு நிற்கிறான். அவரே கூப்பிட்டாராம். வேறு வழியில்லாமல் போனான். ஊரில் பெரியண்ணாச்சிக்குப் பெரிய மனசு என்று பேச்சு.

இதில் நான் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. மற்றவர்களின் மானத்துக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் என் சர்வீஸ் இன்னும் முடியவில்லை, பயமாக இருக்கிறது, அதனால்தான்.

இந்த ஆனியிலும் சாரல் கட்டியது. அண்ணன் குளிக்கப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேலகரத்துக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு பை மங்குஸ்தான் கிடந்தது. வேலை நடக்கிற இடத்தில் பெரியண்ணாச்சி எல்லோருக்கும் கொடுத்ததாம். மைனி என் முன்னால் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருப்பாள்போல.

"நீ அந்த ஆபீஸ்லதான இருந்த. உங்க அண்ணனுக்காவ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணன்தான் பதில் சொன்னான். இரண்டு கையாலும் மங்குஸ்தானை அழுத்தி உடைத்துக்கொண்டே, மைனியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அவளுக்கு என்ன தெரியும்? அவள்ட்ட நான் ஒண்ணுமே பேசலயே."

சொல்லிவிட்டு, உள்ளே இருந்த வெள்ளைச் சுளைகளை எடுத்து என் கையில் வைத்தான். நான் தின்றேன்.